ஏலமும் ஏலமும்: கம்பம் பள்ளத்தாக்கின் வணிகச் சொற்களும் ஃபிக்ஹும்

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஒருவர் மற்றவரைப் பார்த்து 'இன்று ஏலம் எப்படி?' என்று கேட்டால், அவர் காயைப் பற்றிக் கேட்கிறாரா, விற்பனையைப் பற்றிக் கேட்கிறாரா என்பது வெளியூராருக்கு விளங்காது. உள்ளூராருக்கு அந்த ஐயமே எழுவதில்லை. அங்கே இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. ஆனால் சொற்கள் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. மணப்பொருளைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல். வடமொழியில் அது 'ஏலா' என வழங்குகிறது. கூவி விற்பதைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுகீசியர் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர்களுடைய 'லெய்லாவ்' என்னும் சொல்லுக்கு மூலம், அறிவித்தல் எனப் பொருள்படும் 'அல் இஃலாம்' என்ற அரபுச் சொல் என்பர் சொல்லாய்வாளர். ஸ்பானியத் தீபகற்பத்தில் அரபுகள் விட்டுச் சென்ற சொல்லொன்று கப்பலேறித் தமிழகம் வந்து, அரபுகள் தம் கஹ்வாவில் இடுகின்ற காயின் பெயரோடு ஒலியால் ஒன்றிப்போனது.

இந்தச் சிறு வேடிக்கையைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வணிகச் சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் அவை குறிக்கும் செயல்களும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். 'ஃப்யூச்சர்ஸ் என்பது நம்முடைய ஸலம்தானே', 'ஆப்ஷன் என்பது ஃபிக்ஹில் வரும் கியார்தானே' என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். மறுபுறம், 'அவை யாவும் சூது; நம் பாட்டனார் காலத்து முன்பணமும் குத்தகையும் ஹலாலான வணிகம்' என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். இரு தரப்பினரும் சொல்லைப் பார்க்கிற அளவுக்குச் செயலைப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

ஏலம் கூறுதலில் நமக்குச் சிக்கல் இல்லை. வறுமையுற்றுத் தம்மிடம் வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 'இதைவிட அதிகம் தருபவர் யார்' எனக் கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயும் அபூதாவூதும் பதிவு செய்துள்ளனர். ஃபிக்ஹு நூல்கள் இதனை 'முஸாயதா' என்று அழைக்கின்றன. பொருள் கண்முன் இருக்கிறது, விலை அனைவருக்கும் கேட்கக் கூறப்படுகிறது, விற்றதும் கைமாறுகிறது. சிக்கல், பொருள் கண்முன் இல்லாதபோது தொடங்குகிறது. ஏலக்காய் வணிகமோ பெரும்பாலும் கண்முன் இல்லாத பொருளைப் பற்றியது.

அதற்கு நிலவியலே முதற்காரணம். காய் விளைவது மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கம். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, குமுளி. அதை வாங்கி, தரம் பிரித்து, வடநாட்டுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பும் வணிகத்தின் பெரும்பகுதி மலையடிவாரத்துப் போடியில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளின் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தபோதே, அதைப் பயிரிட்டோரில் பெரும்பாலோர் அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிச் சென்ற குடிகள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்துக்குச் சென்றன. தோட்டம் ஒரு மாநிலம், கடை மற்றொரு மாநிலம் என்ற நிலை அன்று உறுதியாயிற்று. கம்பம், உத்தமபாளையம், போடி ஊர்களின் ராவுத்தர் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் இதுவே வாழ்க்கைமுறை: வீடும் பள்ளிவாசலும் கீழே, தோட்டம் மேலே.

இரண்டாவது காரணம் பயிரின் இயல்பு. ஏலச்செடி ஒரே நாளில் அறுத்துக் களத்தில் குவிக்கும் நெல்லன்று. ஆனி, ஆடி தொடங்கித் தை, மாசி வரை முப்பது நாற்பது நாளுக்கொரு முறை எடுப்பு நடக்கும். பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் அனலேற்றி உலர்த்தினால் ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். முதல் எடுப்புக்கு முன்னுள்ள மாதங்களில் களையெடுப்பு, உரம், மருந்து, கூலி எனச் செலவு மட்டுமே இருக்கும், வரவு இராது. அந்த இடைவெளியில்தான் வணிகர் முன்பணத்தோடு வருகிறார். மழை பொய்த்தாலோ மிகுந்தாலோ விலை எங்கே போகும் என்பதை யாராலும் கூற இயலாது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, அடுத்த கோடை வறட்சியும் சேர்ந்தபோது, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் உச்ச விலையாகக் கிலோவுக்கு 7,000 ரூபாய் பதிவானது. இரண்டே ஆண்டுகளில் அதே காய் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்றது. இத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு நடுவே நாளைய விலையை இன்றே பேசி முடித்துக்கொள்ள விழைவது பேராசை ஆகாது, தற்காப்பு.

அந்தத் தற்காப்புக்குரிய நவீனக் கருவிகள்தாம் ஃப்யூச்சர்ஸும் ஆப்ஷனும். 2006இல் மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தை ஏலக்காயில் முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. ஆக, கண்முன் உள்ள காயும் கண்முன் இல்லாத காயும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கணினித் திரைக்கு வந்தன. இச்சந்தையின் சொற்களை ஒரு கற்பனைக் கணக்கின் வழியே விளக்குவது எளிது.

ஆனி மாதத்தில் உலர்காய் கிலோ 2,000 ரூபாய் என்று கொள்வோம். இது உடனடி விலை. சந்தை மொழியில் ஸ்பாட். கார்த்திகையில் விலை சரியும் என அஞ்சும் தோட்டக்காரர், நவம்பர் மாத ஒப்பந்தம் ஒன்றைக் கிலோ 2,100 என்று விற்கிறார். ஒப்பந்தத்தின் அளவு 100 கிலோ என்றால் அது ஒரு லாட். விற்ற நிலைக்கு ஷார்ட் என்றும், எதிரே வாங்கிய நிலைக்கு லாங் என்றும் பெயர். விற்றவர் காயைக் கொடுப்பதில்லை. வாங்கியவர் 2,10,000 ரூபாயைக் கொடுப்பதில்லை. இருவரும் பத்து விழுக்காடு போல ஒரு தொகையைச் சந்தையிடம் ஈடாக வைக்கின்றனர். இதுவே மார்ஜின். மறுநாள் ஒப்பந்த விலை 2,150 ஆனால், விற்றவர் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் எடுக்கப்பட்டு வாங்கியவர் கணக்கில் சேரும். இந்த அன்றாடக் கணக்குத் தீர்வு ஒப்பந்தம் முடியும் நாள்வரை தொடரும். நவம்பரில் விலை 1,500 ஆகச் சரிந்தால், தோட்டக்காரர் தம் காயை ஏலத்தில் 1,500க்கு விற்பார், முன்பேரத்தில் கிலோவுக்கு 600 ரூபாய் பெற்றிருப்பார், கூட்டினால் 2,100. இதனை ஹெட்ஜிங், அதாவது இடர்காப்பு என்பர். தோட்டமே இல்லாத ஒருவரும் இதே ஒப்பந்தத்தை விற்கலாம், வாங்கலாம்; அவர் ஊகவணிகர். பெரும்பாலான ஒப்பந்தங்கள் காய் கைமாறாமலே, விற்றவர் திரும்ப வாங்கியும் வாங்கியவர் திரும்ப விற்றும் நேர்செய்யப்பட்டு முடிகின்றன.

ஆப்ஷனில் விற்பனைக்கு வருவது காயன்று, உரிமை. 2,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையை மட்டும் ஒருவர் கிலோவுக்கு 80 ரூபாய் கொடுத்து வாங்குகிறார் எனக் கொள்வோம். அந்த 80 பிரீமியம். 2,000 உரிமை விலை, சந்தை வழக்கில் ஸ்ட்ரைக். விற்கும் உரிமைக்குப் புட் என்றும் வாங்கும் உரிமைக்குக் கால் என்றும் பெயர். விலை 1,500 ஆனால் உரிமையைப் பயன்படுத்துவார். 2,600 ஆனால் உரிமையை விட்டுவிட்டு வெளியில் விற்பார். இழப்பு அந்த 80 மட்டுமே. அவருக்கு உரிமையை விற்றவருக்கோ தெரிவு ஏதுமில்லை, கடமை மட்டுமே உண்டு. பிரீமியம் என்னும் சிறு தொகைக்காக அவர் பெரும் இழப்பின் வாயிலில் அமர்ந்திருக்கிறார்.

இவை நம் நாட்டுக்குப் புதியன என்று கருத வேண்டியதில்லை. பம்பாயில் 1875 முதலே பருத்தியில் அமைப்பு முறையிலான முன்பேரம் நடந்தது. 'தேஜி மந்தி' என்ற பெயரில் ஆப்ஷன் வணிகமும் அங்கே செழித்தது. அதைச் சூதென்று கண்ட பம்பாய் மாகாண அரசு 1939இல் பருத்தி ஆப்ஷனைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டு முன்பேர ஒப்பந்தச் சட்டம் நாடு முழுவதும் சரக்கு ஆப்ஷன்களை விலக்கிவைத்தது. முன்பேரத்தை ஒழுங்குபடுத்தி அனுமதித்த அதே சட்டம் ஆப்ஷனை அனுமதிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அறுபத்தைந்து ஆண்டுகள் நீடித்த அந்த விலக்கு, செபியின் மேற்பார்வையில் 2017இல் தங்கத்தில் ஆப்ஷன் தொடங்கியபோதுதான் முடிவுக்கு வந்தது. பங்குக் குறியீடுகளில் மட்டும் 2001இலேயே அது வந்துவிட்டிருந்தது.

இனி நம் நூல்களுக்கு வருவோம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு தவணையில் கனிகளுக்கு முன்கூட்டியே விலை கொடுத்து வந்தனர். அதை அண்ணலார் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டனவாக இருக்கட்டும் என்று வரையறுத்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதுவே ஸலம். கடனை எழுதிக்கொள்ளுமாறு கூறும் பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனத்தையும் இப்னு அப்பாஸ் அவர்கள் ஸலமோடு இணைத்தே விளக்கினார்கள். உழவனுக்குப் பயிர்ச்செலவுக்குப் பணம் தேவை. வணிகனுக்குப் பொருள் தேவை. இந்த இரு தேவைகளுக்காகவும், கையில் இல்லாததை விற்காதே என ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட பொதுவிதியிலிருந்து ஸலத்துக்கு இடமளிக்கப்பட்டது என்பர் இமாம்கள். அந்தச் சலுகையின் அச்சாணி, விலை முழுவதும் ஒப்பந்த அமர்விலேயே கொடுக்கப்படுவது. ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் இதில் உறுதியாக நிற்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) மூன்று நாள் வரை தளர்த்துகிறார். பணமும் பொருளும் இரண்டுமே பின்னுக்குத் தள்ளப்பட்டால் அது கடனுக்குக் கடனை விற்பதாகிவிடும்.

மேற்கண்ட கணக்கில் நம் தோட்டக்காரர் பயிர்ச்செலவுக்கு ஒரு காசும் பெறவில்லை. மாறாக மார்ஜினைக் கொடுத்திருக்கிறார். ஃப்யூச்சர்ஸுக்கும் ஸலத்துக்கும் உள்ள உறவு இந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992 மே மாதம் தன் ஏழாவது அமர்வில் நிறைவேற்றிய 63ஆம் தீர்மானம், இரு பக்கமும் தவணையாக உள்ள முன்பேரம் ஆகாது என்றும், ஸலத்தின் நிபந்தனைகளுக்கேற்ப அதைத் திருத்தியமைத்தால் ஆகும் என்றும், எதிர் ஒப்பந்தத்தால் நேர்செய்து முடிக்கப்படும் வகை அறவே ஆகாது என்றும் கூறுகிறது. இதற்கு மாறான குரலும் உண்டு. மலேசியாவில் வாழ்ந்த ஆஃப்கானிய அறிஞர் முஹம்மத் ஹாஷிம் கமாலி, கைப்பற்றுமுன் விற்காதே என்ற தடையின் நோக்கம் பொருள் வந்து சேராமல் போகும் அபாயத்தைத் தடுப்பதே, தீர்வகம் பொறுப்பேற்கும் இன்றைய சந்தையில் அந்த அபாயம் நீங்கிவிட்டது என்று வாதிட்டார். மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு கச்சாப் பாமாயில் முன்பேரத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கமாலியின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், பொருள் வந்து சேருமா என்ற ஐயத்துக்கு அது விடை கூறுகிறதே ஒழிய, பொருளே வேண்டாத இருவர் விலையின் மீது மட்டும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வியைத் தொடவில்லை.

ஆப்ஷனுக்கும் கியாருக்கும் உள்ள ஒற்றுமை இன்னும் மேலோட்டமானது. வணிகத்தில் ஏமாற்றப்பட்டு வந்த ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களுக்கு மூன்று நாள் தெரிவுரிமை அளிக்கப்பட்ட செய்தியிலிருந்து 'கியாருஷ் ஷர்த்' பிறந்தது. இமாம் அபூஹனீஃபாவும் இமாம் ஷாஃபிஈயும் (ரஹ்) அதை மூன்று நாளோடு நிறுத்தினர். இமாம்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) தவணை அறியப்பட்டிருந்தால் போதும் என்றனர். எவர் கூற்றிலும் அந்தத் தெரிவு ஒரு மெய்யான விற்பனையைச் சார்ந்து நிற்கிறது, தனியே விலைபோவதில்லை. இன்றைய ஆப்ஷனில் தெரிவுதான் சரக்கு. அரபு நிதியியலார் இதை 'இக்தியாராத்' என்று தனிச்சொல்லால் குறிப்பது பொருத்தமே. மேற்சொன்ன தீர்மானமும், இவ்வுரிமை பொருளுமன்று, பயனுமன்று, விலை பேசத்தக்க நிதியுரிமையுமன்று என்றே அதனை விலக்கியது.

ஆப்ஷனுக்கு நம் மரபில் நெருங்கிய உறவு 'உர்பூன்'. நம்மூரில் அச்சாரம் என்கிறோம். வாங்கினால் விலையில் கழியும். வாங்காவிடில் விற்பவருக்கே சேரும். மக்காவில் சிறைக்கூடத்துக்காக ஸஃப்வான் இப்னு உமைய்யாவின் வீட்டை நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ், உமர் (ரலி) அவர்களுக்காகப் பேசியபோது, உமர் ஏற்றால் விற்பனை, ஏற்காவிடில் ஸஃப்வானுக்கு 400 என்று முடிவானதாகப் புகாரீயில் குறிப்பு உள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) இதை ஆதாரமாகக் கொண்டு உர்பூனை அனுமதித்தார்; ஏனைய மூன்று இமாம்களும் மறுத்தனர். 1993இல் புருனையில் கூடிய அகாடமி, தவணை வரையறுக்கப்பட்டால் ஆகும் என இமாம் அஹ்மதின் பக்கம் சாய்ந்தது. ஆனால் அச்சாரம் கொடுத்தவர் அதே காயை வாங்க வந்தவர். அவருடைய அச்சாரச் சீட்டு பத்துக் கைமாறித் திரிவதில்லை.

இதுவரை படித்த பெரியவர்கள், தாம் சொன்னதே உறுதியாயிற்று என்று மகிழக்கூடும். மகிழுமுன் தம் வழக்கங்களையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே, சில வேளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே குத்தகை பேசுவது எவருக்கும் தவறாகத் தோன்றுவதில்லை. கனி முதிர்ச்சி வெளிப்படுமுன் விற்பதையும், பல ஆண்டுக் கனியைச் சேர்த்து விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர், ஜாபிர் (ரலி) ஆகியோரின் அறிவிப்புகள் உள்ளன. மலைத்தோட்ட முன்பணமும் அவ்வாறே. வணிகர் பணம் கொடுக்கிறார். அளவு குறிப்பதில்லை, விலையும் முடிப்பதில்லை. 'காய் வந்ததும் எனக்கே போட வேண்டும், அன்றைய விலையில் இவ்வளவு குறைத்து' என்பதே பேச்சு. இதில் விற்பனையே இல்லை. கொடுக்கப்பட்டது கடன்; குறைக்கப்படும் விலை அக்கடனின் பயன். பயன் ஈட்டும் கடனை ஃபிக்ஹு எப்படி அழைக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. மும்பைச் சந்தையில் மைஸிரைக் காண்கிற கண்ணுக்கு, முன்பணக் கணக்கேட்டில் ரிபா தென்படாமல் போனது எப்படி என்பது வரலாற்றாசிரியனைவிட உளவியலாளன் ஆராய வேண்டிய பொருள்.

மேலும் ஒன்று. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் தெரிவித்தது. இந்த இளைஞர்களுக்கு ஹராம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கூறினால் போதாது. ஸலம் என்பது நடைமுறையில் எப்படியிருக்கும் என்று ஏலக்காயைக் கொண்டே காட்ட முடியும். அதற்கு இந்தக் காய் வியக்கத்தக்க அளவு பொருந்திவருகிறது.

ஒப்பந்த நாள் முதல் ஒப்படைக்கும் நாள்வரை அப்பொருள் சந்தையில் கிடைக்க வேண்டும் என்பது ஹனஃபி நிபந்தனை. ஒப்படைக்கும் நாளில் கிடைத்தால் போதும் என்பது ஷாஃபிஈ நிலை. சித்திரை மாதத்தில் பச்சைக்காய்க்கு ஸலம் பேசினால் ராவுத்தர்களின் மத்ஹபில் அது செல்லாது; காயல்பட்டினத்தாரின் மத்ஹபில் செல்லும். உலர்காய்க்குப் பேசினால் இரண்டிலும் செல்லும், அது ஆண்டு முழுவதும் கடையில் உள்ள சரக்கு. அளவும் எடையும் அறியப்பட வேண்டும் என்பதற்கு இந்த வணிகம் இரண்டையும் பிணைத்த ஒரு வழியையே வைத்திருக்கிறது: லிட்டர் எடை. ஒரு லிட்டர் கொள்கலத்தை நிரப்பும் காய் எத்தனை கிராம் என்று பார்ப்பர். அக்மார்க் தரத்தில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்றால் 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம் எடையும் வேண்டும். தவணை, ஒப்படைக்கும் கிட்டங்கி, கிலோக் கணக்கு, முழுவிலையும் அமர்விலேயே பற்றிய விவரம் ஆகியவற்றை எழுதிவிட்டால் பத்திரம் முடிந்தது.

எழுதக்கூடாத ஒன்றும் உண்டு: தோட்டத்தின் பெயர். குறிப்பிட்ட மரத்தின் கனிக்கோ குறிப்பிட்ட சிற்றூரின் தானியத்துக்கோ ஸலம் ஆகாது, அங்கு மட்டும் பேரிடர் நேர்ந்துவிடலாம் என்கிறது ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீயின் 'ஹிதாயா'. 'என் தோட்டத்துக் காய் வந்ததும் தருகிறேன்' என்பதே நம்மூர்ப் பேச்சின் அடிப்படை வாக்கியம் என்பதால் இது சற்றுக் கசக்கும். தோட்டம் காய்க்காவிடில் வெளியில் வாங்கியாவது கொடுக்கும் பொறுப்பை ஸலம் விற்பவர்மீது வைக்கிறது. ஆனால் அதே இடத்தில் ஹிதாயா ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது: ஊர்ப்பெயர் பொருளின் தன்மையைக் குறிக்கவே ஆளப்படுமானால் தடையில்லை. புகாராவிலும் ஃபர்கானாவிலும் அன்று வழங்கிய இரு கோதுமைப் பெயர்களை அதற்குச் சான்றாகத் தருகிறது. ஆலப்புழை கடற்கரைத் துறைமுகம். அங்கே ஏலம் விளைவதில்லை. ஆலப்பி கிரீன் என்று பத்திரத்தில் எழுதினால் அது ஊரைக் குறிக்காது, காயின் நிறத்தையும் தரத்தையும் மட்டுமே குறிக்கும்.